ஆண்ட்வெர்ப்பிலிருந்து கப்பல்கள் எதை ஏற்றிச் சென்றன? காங்கோ ரப்பரும் கட்டாய உழைப்பும், அதை வெளியே கொண்டுவந்தவர்களும்

சரக்குக் கணக்கர் (தூத்துக்குடி)

அனைவருக்கும் வணக்கம். சுங்கத் தரகர் அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கப்பல் சரக்குப் பட்டியல்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். வரலாற்றை முறையாகப் படித்தவன் அல்லன். ஆயினும், என்னைப் போலவே பட்டியல் பார்த்துப் பிழைத்த ஒருவர் காங்கோவில் நடந்த பெருங்கொடுமையைக் கணக்கைக் கொண்டே கண்டுபிடித்தார் என்று அண்மையில் படித்தபோது பல நாள் அதே நினைவாக இருந்தேன். அதை இங்கே எழுதி, அறிந்தவர்களிடம் மேலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணி இது. 1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரி வரை நடந்த பெர்லின் மாநாட்டை ஒட்டி, பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டு, காங்கோ ஆற்றுப் படுகை முழுவதையும் தம் சொந்த உடைமையாகப் பிற வல்லரசுகள் ஏற்கும்படி செய்துகொண்டார். ஏறத்தாழ 23 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. பெல்ஜியத்தைப் போல் சுமார் 76 மடங்கு. அந்த நிலம் பெல்ஜிய நாட்டுக்குக்கூடச் சேரவில்லை, அரசர் என்ற தனி மனிதருக்கே சேர்ந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘காங்கோ சுதந்திர நாடு’. அடிமை வணிகத்தை ஒழிப்பதும் தடையற்ற வணிகத்தை வளர்ப்பதுமே நோக்கம் என்று உலகத்துக்குச் சொன்னார். தம் வாழ்நாளில் ஒருமுறையும் அந்த மண்ணில் அவர் கால் வைத்ததில்லை.

காங்கோவுக்கும் பெல்ஜியத் துறைமுகமான ஆண்ட்வெர்ப்புக்கும் இடையே சரக்கு ஏற்றும் தனியுரிமை லிவர்பூலைச் சேர்ந்த எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் நிறுவனத்திடம் இருந்தது. அங்கே எழுத்தராகச் சேர்ந்தவர் எட்மண்ட் மொரெல். 1873இல் பாரிசில் பிறந்தவர். பிரெஞ்சு தெரிந்தவர் என்பதால், 1890களின் பிற்பகுதியில் காங்கோ அதிகாரிகளோடு கணக்குப் பேச அவரை ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பிவந்தார்கள். தொடக்கத்தில் அவர் லியோபோல்டின் ஆட்சியை ஆதரித்துப் பத்திரிகைகளில் எழுதியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துறைமுகத்தில் அவர் கண்டவை மூன்று. போகும் கப்பல்களில் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் தொடர்ந்து ஏறின. அவை அரசுக்கோ அரசு சார்ந்த நிறுவனங்களுக்கோ சென்றன. வந்து இறங்கும் ரப்பரும் தந்தமும் அரசு வெளியிட்ட கணக்கைக் காட்டிலும் மிக அதிகமாக இருந்தன. அப்படியானால் இடையில் யாருடைய பைக்கோ பெருந்தொகை போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம். காங்கோவுக்குச் சென்ற சரக்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு வணிகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. துணி, பாத்திரம், மணி, உப்பு என்று அங்குள்ள மக்களுக்கு விலையாகக் கொடுக்கக்கூடிய பொருள் மிகச் சொற்பமே சென்றது. அங்கே மக்களுக்குப் பணமாகக் கூலி கொடுக்கும் வழக்கமும் இல்லை. பொருளும் போகவில்லை, பணமும் புழங்கவில்லை. ஆனால் டன் டன்னாக ரப்பர் வருகிறது. அந்த ரப்பருக்கு யார், எதை விலையாகக் கொடுத்தார்கள்?

எத்தனையோ கப்பல்களுக்குப் பட்டியல் பார்த்திருக்கிறேன். இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் இடையே பொருத்தமின்மை கண்டால், வரி ஏய்ப்பு என்றோ எழுத்துப் பிழை என்றோ குறித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவோம். அந்த இடைவெளியில் மனிதர்கள் இருப்பார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. மொரெலுக்குத் தோன்றியது. நிறுவனத் தலைவர் ஆல்ஃபிரட் ஜோன்சிடம் சென்று சொன்னார். அவரோ லிவர்பூலில் காங்கோ அரசின் கௌரவத் தூதராகவும் இருந்தவர். மொரெல் 1901இல் வேலையை விட்டார். 1903இல் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். 1904 மார்ச்சில் காங்கோ சீர்திருத்தச் சங்கம் உருவானது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. காட்டுக்குள் ரப்பர் எப்படிச் சேகரிக்கப்பட்டது? மொரெலுக்கு முன்னால் இதை யாரும் சொல்லவில்லையா?

மரகதம் ஆசிரியை (மதுரை)

கணக்கர் ஐயாவுக்கு வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். உங்கள் இரண்டாம் ஐயத்துக்கு என்னால் விடை சொல்ல இயலும். சொன்னவர்கள் இருந்தார்கள், கேட்க வேண்டியவர்கள்தாம் கேட்கவில்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் உள்நாட்டுப் போரில் படைவீரராக இருந்தவர். பின்னர் சமயப் போதகர், ஒஹாயோ சட்டமன்ற உறுப்பினர், வரலாற்றாசிரியர் என்று பல பணிகளைச் செய்தவர். 1889இல் பிரசெல்சில் லியோபோல்டை நேரில் சந்தித்து, அவருடைய பேச்சில் மனம் நெகிழ்ந்தவர். கறுப்பின அமெரிக்கர்கள் காங்கோவுக்குச் சென்று பணியாற்றலாம் என்ற எண்ணத்தோடுதான் 1890இல் அங்கே போனார். ஆற்றுவழியே மேலே செல்லச் செல்ல அவர் கண்டது வேறாக இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஸ்டான்லி அருவிப் பகுதியிலிருந்து அரசருக்கு ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார்.

அக்கடிதத்தில் ஒரு பகுதியை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். ஊர்த் தலைவர்களிடம் நிலத்தை எழுதி வாங்க லியோபோல்டுக்காகக் காங்கோவில் நிலம் சேர்த்த பயணி ஸ்டான்லியின் ஆட்கள் செய்த தந்திரங்களை வில்லியம்ஸ் விவரிக்கிறார். வெள்ளையர் தம் மேற்சட்டைக்குள் மின்கலத்தை மறைத்து, அதன் கம்பியை உள்ளங்கை வரை கொண்டுவந்து வைத்துக்கொள்வார். கை குலுக்கும்போது தலைவரின் கை அதிரும். வெள்ளையருக்கு மரத்தையே பிடுங்கும் வலிமை உண்டு என்று அவருக்கு விளக்கம் சொல்லப்படும். உருப்பெருக்குக் கண்ணாடியால் சுருட்டைப் பற்றவைத்து, சூரியன் தம் சொல்லைக் கேட்கும் என்பார்கள். இப்படித்தான் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கப்பட்டது. அமெரிக்க வெளியுறவுச் செயலருக்கு எழுதிய மற்றொரு கடிதத்தில், அங்கு நடப்பவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று அவர் குறிப்பிட்டார். நியூரம்பெர்க் விசாரணைக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் அந்தச் சொல்லை அவர் எழுதியிருக்கிறார். 1891 ஆகஸ்டில், ஊர் திரும்பும் வழியில், இங்கிலாந்தின் பிளாக்பூலில் காசநோயால் இறந்தார். வயது 41. அவரோடு அந்தக் குரலும் அடங்கிப்போயிற்று.

அடுத்தவர் வில்லியம் ஷெப்பர்டு. அவரும் கறுப்பின அமெரிக்கரே. பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை ஊழியராகக் கசாய் பகுதியில் இருந்தவர். கூபா மக்களின் மொழியைக் கற்றவர். அரசுக்குத் துணையாக இருந்த சாப்போ சாப் என்ற குழுவினர் ஊர்களைச் சூறையாடுவதாகக் கேள்விப்பட்டு, 1899இல் அவர்களுடைய முகாமுக்கே சென்றார். அங்கே நெருப்பின் மேல் பரண் கட்டி, அதில் வெட்டப்பட்ட வலக்கைகளைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எண்ணினார்: 81. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து திருச்சபைக்கு எழுதினார். பின்னாளில் அவர் எழுதிய ஒரு கட்டுரைக்காகக் கசாய் ரப்பர் நிறுவனம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909இல் லியோபோல்டுவில்லில் நடந்த அவ்வழக்கில் அவருக்காக வாதாட வந்தவர் பெல்ஜிய சோசலிசத் தலைவர் எமில் வாண்டர்வெல்டே. ஷெப்பர்டு குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

ஊர்சுற்றி

ரப்பர் குறைவாகக் கொண்டுவந்தவர்களுக்குத் தண்டனையாகக் கையை வெட்ட வேண்டும் என்று லியோபோல்டு சட்டமே போட்டிருந்தார் என்று ஒரு காணொளியில் கேட்டேன். அது உண்மையா?

மரகதம் ஆசிரியை (மதுரை)

சட்டம் எதுவும் இல்லை, தம்பி. நடந்தது அதைவிடக் கொடியது என்றே நினைக்கிறேன். ‘ஃபோர்ஸ் பப்ளிக்’ என்ற அரசுப் படையில் அதிகாரிகள் வெள்ளையர், சிப்பாய்கள் ஆப்பிரிக்கர்; அவர்களில் பலர் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். தோட்டா ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் விலையுயர்ந்த பொருள். சிப்பாய்கள் அதை வேட்டைக்கு வீணடிக்கிறார்கள் என்றும், கலகத்துக்காக ஒளித்துவைக்கிறார்கள் என்றும் அதிகாரிகள் ஐயுற்றார்கள். அதனால், செலவான தோட்டா ஒவ்வொன்றுக்கும் இறந்தவரின் வலக்கையைக் கொண்டுவந்து கணக்குக் காட்டச் சொன்னார்கள். குறி தவறிய சிப்பாயும், குரங்கு சுட்டுத் தின்ற சிப்பாயும் கணக்கை நேர் செய்ய உயிரோடு இருப்பவர்களின் கையை வெட்டினார்கள். அதிகாரியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை அழுகாமல் இருப்பதற்காகத்தான் அந்தப் புகை. வலக்கை இல்லாத பிள்ளைகளின் புகைப்படங்கள் பலவற்றின் பின்னணி இதுதான்.

ஈப்போ செல்வம் (மலேசியா)

கணக்கர் ஐயாவின் முதல் ஐயத்துக்கு நான் எழுதலாம். என் பாட்டி பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். விடியற்காலை நான்கரை மணிக்குப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும். ஆளுக்கு இத்தனை மரம் என்று நிரை பிரித்துக் கொடுப்பார்கள். மரப்பட்டையில் சாய்வாகக் கோடு சீவி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைக் கட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். மறுநாள் மங்கில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலையும் பிரித்தெடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த மரம் பிரேசிலிலிருந்து வந்தது. 1876இல் விதைகளாக லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நாற்றாக இலங்கைக்கும், பிறகு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தது.

காங்கோவில் அந்த மரம் இல்லை, காட்டுக்கொடிதான் இருந்தது. பெரிய மரங்களைச் சுற்றிக்கொண்டு உச்சி வரை ஏறும் லாண்டோல்ஃபியா என்ற கொடி. ஊருக்குப் பக்கத்தில் உள்ள கொடிகள் சில மாதங்களில் வற்றிவிடும். பிறகு இரண்டு நாள், மூன்று நாள் நடைதூரத்துக்குக் காட்டுக்குள் போக வேண்டும். மழையிலும் சதுப்பிலும் கிடக்க வேண்டும். உயரத்தில் உள்ள கொடியை எட்ட மரத்தில் ஏற வேண்டும். விழுந்து இறந்தவர் பலர். பாலை உறையவைக்க அதை உடம்பில் பூசிக்கொண்டு, காய்ந்த பிறகு மயிரோடு சேர்த்துப் பிய்த்தெடுத்தார்கள் என்று படித்தபோது என் பாட்டியின் கைகள் நினைவுக்கு வந்தன. விரலில் ஒட்டிய பாலை உரிக்கும்போதே அவருக்கு வலிக்கும்.

இந்த வேலைக்கு எந்த மனிதனும் விரும்பிப் போகமாட்டான். அதனால் படையினர் ஊருக்குள் வந்து பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்து அடைத்துவைப்பார்கள். குறித்த அளவு ரப்பரைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் கணவனுக்கு மனைவி திரும்பக் கிடைப்பாள். அடைபட்ட இடத்தில் உணவின்றி இறந்தவர்கள் ஏராளம். ஆண்கள் காட்டில், பெண்கள் சிறையில். அப்படியானால் வயலில் யார் இருப்பார்கள்? பட்டினி அதன் பின்னாலேயே வந்தது. அளவு குறைந்தவர்களுக்கு ‘சிக்கோட்’ என்ற சாட்டை. நீர்யானைத் தோலைப் பதப்படுத்தாமல் வெயிலில் உலர்த்தி, விளிம்பு கூராக இருக்கும்படி முறுக்கிச் செய்த சாட்டை அது.

இத்தனை அவசரம் எதற்கு என்பதும் முக்கியம். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகு, மிதிவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் மின்கம்பி உறைக்கும் உலகெங்கும் ரப்பர் தேவைப்பட்டது. தோட்டத்தில் நட்ட மரம் பால் கொடுக்க ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆசியத் தோட்டங்கள் பலன் தரத் தொடங்கினால் விலை விழும் என்று லியோபோல்டுக்குத் தெரியும். அதற்குள் காட்டில் உள்ளதை எல்லாம் கறந்துவிட வேண்டும். அந்த ஆசியத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட நம் முன்னோர்கள். 1910க்குப் பிறகு தோட்ட ரப்பர் பெருகி விலை சரிந்தபோதுதான் காங்கோக் காட்டு ரப்பருக்கு மதிப்பு போயிற்று. பாட்டியின் தலைமுறை பட்ட துன்பத்தையும் காங்கோ மக்கள் பட்டதையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். தோட்டத்தில் கடனும் காய்ச்சலும் கங்காணியின் அடியும் இருந்தன. ஆனால் மனைவியைப் பிணையாகப் பிடித்துவைத்து யாரையும் பால் சீவ அனுப்பவில்லை.

நிதானம் (கோவை)

எல்லோரும் உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள், மதிக்கிறேன். இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும் என்று சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, இணையத்தில் எங்கு பார்த்தாலும் ‘லியோபோல்டு ஒரு கோடிப் பேரைக் கொன்றார்’ என்றே எழுதுகிறார்கள். காங்கோவில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1924இல்தான் நடந்தது. அதற்கு முந்தைய எண் எல்லாம் மதிப்பீடு. மக்கள்தொகை பாதியாகக் குறைந்தது என்று 1919இல் பெல்ஜிய அரசுக் குழு ஒன்றே கருதியது. ஒரு கோடி என்ற எண் அந்தப் பாதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வருவது. அவ்வளவு பேரும் சுடப்பட்டு இறந்தவர்கள் என்று பொருள் கொள்ளக் கூடாது. உறக்க நோயும் அம்மையும் பெரும்பங்கு கொண்டன. ஓடி ஒளிந்து காட்டில் இறந்தவர்கள், பிறக்காமலே போன பிள்ளைகள் என எல்லாம் அதில் அடக்கம்.

இரண்டாவது, மொரெலைப் பற்றியது. அவர் காங்கோவைப் பற்றி எழுதிய அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்க ஆட்சியைப் பாராட்டியும் எழுதினார். முதல் உலகப் போருக்குப் பின், ரைன் பகுதியில் பிரான்ஸ் நிறுத்திய ஆப்பிரிக்கப் படையினரைக் குறித்து 1920இல் அவர் எழுதியவை அப்பட்டமான இனவெறி. கறுப்பின ஆண்களை வெறிபிடித்த விலங்குகளாகச் சித்திரித்தார். இந்தப் பக்கத்தையும் படித்த பிறகுதான் அவரை நாம் எடைபோட வேண்டும்.

மரகதம் ஆசிரியை (மதுரை)

எண்ணைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுவதுமாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். நோய் தனியே வந்து கொல்லவில்லை. பட்டினி கிடந்து, சுமை தூக்கி, ஊரைவிட்டு ஓடி, ஆற்றங்கரைச் சதுப்பில் ஒளிந்திருந்த உடலில்தான் உறக்க நோய் அப்படிப் பரவியது. எண் உறுதியாகத் தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. 1908இல் காங்கோவைப் பெல்ஜிய நாட்டிடம் ஒப்படைக்கும் முன், லியோபோல்டின் அலுவலக ஆவணங்கள் எட்டு நாள் தொடர்ந்து எரிக்கப்பட்டன. கணக்கை எரித்தவர்களின் வாரிசுகள் பின்னாளில் நம்மிடம் கணக்குக் கேட்டார்கள்.

அகிலன் (யாழ்ப்பாணம்)

இவ்வளவு நேரமும் நாம் பேசியவர்கள் ஒரு கப்பல் எழுத்தர், அமெரிக்கர் இருவர். காங்கோவில் வாழ்ந்தவர்கள் பேசவே இல்லையா என்று கேட்கத்தான் வந்தேன். விடையை நானே தேடிப் படித்ததால் எழுதுகிறேன்.

1903 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காங்கோவைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அதையடுத்து, காங்கோ அரசின் தலைநகரான போமாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ரோஜர் கேஸ்மென்ட் உள்நாட்டுக்குப் பயணம் செய்தார். அரசுப் படகில் போனால் காட்டுவதை மட்டுமே காண முடியும் என்று, கிறித்துவத் திருச்சபை ஒன்றின் நீராவிப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். ஊர் ஊராக மக்களிடம் வாக்குமூலம் பெற்று எழுதினார். 1904 தொடக்கத்தில் அறிக்கை வெளியானபோது, லண்டன் அலுவலகம் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு எழுத்துக் குறிகளைப் போட்டது. கையை இழந்தவர் பெயரையும் இழந்தார். கேஸ்மென்ட் இதை எதிர்த்துக் கோபத்தோடு எழுதினார். (பின்னாளில் அயர்லாந்து விடுதலைக்காக நின்ற அதே கேஸ்மென்டை 1916 ஆகஸ்டில் பிரிட்டன் தூக்கிலிட்டது.)

எதிர்ப்பு வலுத்ததால் லியோபோல்டே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பெல்ஜியர், இத்தாலியர், சுவிஸ் நாட்டவர் என்று மூன்று நீதிபதிகள். தமக்குச் சாதகமாக எழுதுவார்கள் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் 1904 இறுதியிலும் 1905 தொடக்கத்திலும் அவர்கள் முன்னிலையில் நூற்றுக்கணக்கானோர் வந்து பேசினார்கள். வந்து பேசுவதே உயிருக்கு ஆபத்து. லொன்டுலு என்ற ஊர்த் தலைவர் வந்தார். அவரும் அடிபட்டவர், பிணையாக அடைக்கப்பட்டவர். கொண்டுவந்திருந்த குச்சிகளை நீதிபதிகளின் மேசைமேல் வைத்தார். மொத்தம் 110. ரப்பருக்காகத் தம் மக்களில் கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு குச்சி. ஊர்ப் பெரியவர்கள், ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் என்று நான்கு குவியலாகப் பிரித்தார். பிறகு ஒவ்வொரு குச்சியாக எடுத்து, இறந்தவரின் பெயரைச் சொன்னார்.

குழுவின் அறிக்கை 1905 நவம்பரில் வெளியானது; கொடுமைகள் உண்மை என்று ஏற்றது. வாக்குமூலங்களோ வெளியிடப்படவில்லை. 1980கள் வரை ஆய்வாளர்களுக்கே அவற்றைப் பார்க்க அனுமதி கிடையாது.

இன்னொருவர் பெயரையும் இந்த இழையில் பதிந்துவிட விரும்புகிறேன்: ஹெசகையா ஆண்ட்ரூ ஷானு. லாகோசில் பிறந்தவர். போமாவில் காங்கோ அரசின் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னர் கடையும் விடுதியும் நடத்திச் செழித்தவர். நல்ல புகைப்படக் கலைஞர். அரசிடம் பதக்கம் பெற்றவர். அப்படிப்பட்டவர், மொரெலுக்கு உள்ளிருந்தே தகவல் அனுப்பத் தொடங்கினார். ரப்பர் நிறுவன முகவர் ஒருவர்மீது நடந்த கொலை வழக்கின் ஆவணங்கள் அவர் வழியாகத்தான் இங்கிலாந்து சென்றன. அவ்வளவு கொலைகளையும் மேலதிகாரிகள் அறிந்தே பொறுத்துக்கொண்டார்கள் என்பது நீதிமன்றத்தின் எழுத்திலேயே அதில் இருந்தது. அரசு அவரைக் கண்டுபிடித்துவிட்டது. பதக்கத்தைத் திருப்பிக் கேட்டது. அரசு ஊழியர் எவரும் அவர் கடையில் பொருள் வாங்கக் கூடாது என்று ஆணை போட்டது. வணிகம் நொடித்தது. 1905 ஜூலையில் ஷானு தற்கொலை செய்துகொண்டார். லிவர்பூலில் மொரெலுக்குப் பெரும் கூட்டங்கள் கூடின. போமாவில் ஷானுவுக்குத் துணை நிற்க யாரும் இருக்கவில்லை.

ஈப்போ செல்வம் (மலேசியா)

அகிலன் அவர்களே, குச்சிகளைப் பற்றி இப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறேன். நன்றி என்பதைத் தவிர எழுத ஒன்றும் வரவில்லை.

மரகதம் ஆசிரியை (மதுரை)

புகைப்படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். 1904 மே மாதம் பாரிங்கா என்ற ஊரின் திருச்சபை இல்லத்துக்கு, வாலா ஊரைச் சேர்ந்த ன்சாலா என்பவர் இலையில் சுற்றிய ஒரு சிறு பொதியோடு வந்தார். ரப்பர் நிறுவனத்தின் காவலாட்கள் அவருடைய ஊரைத் தாக்கியிருந்தார்கள். பொதியில் இருந்தவை அவருடைய ஐந்து வயது மகள் போவாலியின் கையும் காலும். ஆலிஸ் ஹாரிஸ் என்ற ஊழியர் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, தன் முன்னால் கிடப்பதை அந்தத் தந்தை பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் முகத்தில் அழுகை இல்லை. ஆலிசும் அவருடைய கணவர் ஜானும் இத்தகைய படங்களைக் கண்ணாடித் தகடுகளாக்கி, விளக்கொளியில் திரையில் காட்டி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் பேசினார்கள். அதுவரை ‘வதந்தி’ என்று மறுத்துவந்த அரசருக்கு மறுக்க வழியில்லாமல் போயிற்று.

அந்தப் படத்தை வகுப்பில் காட்டலாமா என்று பல ஆண்டுகள் தயங்கினேன். சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, “அவரிடம் கேட்டுவிட்டா படம் எடுத்தார்கள்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

ஊர்சுற்றி

1908இல் பெல்ஜியம் எடுத்துக்கொண்ட பிறகு கட்டாய உழைப்பு ஒழிந்துவிட்டதா?

நிதானம் (கோவை)

இல்லை. 1908 நவம்பர் 15 அன்று ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் லியோபோல்டு இறந்தார். 1913இல் மொரெலின் சங்கமும் பணி முடிந்தது என்று கலைக்கப்பட்டது. பணி முடியவில்லை என்பதே என் கருத்து. கையை வெட்டுவது நின்றது. தலைவரியைப் பணமாகச் செலுத்த வேண்டும் என்ற விதி வந்தது. பணத்துக்காகச் சுரங்கத்துக்கும் பனை எண்ணெய்த் தோட்டத்துக்கும் போக வேண்டியதாயிற்று. சாட்டை பல பத்தாண்டுகள் நீடித்தது. பருத்தி பயிரிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆண்டுக்கு 120 நாள் வரை கட்டாய வேலை சட்டப்படியே வாங்கினார்கள்.

இது பெல்ஜியத்தோடு நின்ற கதையும் இல்லை. ஆற்றின் எதிர்க்கரையில் பிரெஞ்சுக் காங்கோவிலும் அதே நிறுவன முறை, அதே பிணைக் கைதிகள். 1905இல் விசாரிக்கச் சென்ற பிரசா (அங்கே பிரெஞ்சு ஆட்சிக்கு அடித்தளமிட்ட பயணி) திரும்பும் வழியில் டக்காரில் இறந்தார். அவர் குழுவின் அறிக்கையைப் பிரெஞ்சு அரசு வெளியிடாமல் பூட்டிவைத்தது. 1921 முதல் 1934 வரை அதே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய காங்கோ பெருங்கடல் ரயில்பாதைக்காகப் பிடித்துவரப்பட்டவர்களில் குறைந்தது 17,000 பேர் இறந்தார்கள். போர்த்துக்கீசிய ஆட்சியில் இருந்த அங்கோலாவிலிருந்து ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்ற பெயரில் சாவோ தோமே தீவின் கோகோ தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வரவே இல்லை. அதை நெவின்சன் என்ற பத்திரிகையாளர் வெளிப்படுத்திய பிறகும், பிரிட்டிஷ் சாக்லேட் நிறுவனங்கள் அந்தக் கோகோவை வாங்குவதை நிறுத்த 1909 வரை ஆயிற்று. பிரெஞ்சுக் காலனிகளில் கட்டாய உழைப்பைச் சட்டம் ஒழித்தது 1946இல். அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஐவரி கோஸ்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உஃபுவே புவாஞி என்ற ஆப்பிரிக்கர். சாவோ தோமேவைப் பற்றித் தனி இழை தொடங்கினால் நல்லது.

சரக்குக் கணக்கர் (தூத்துக்குடி)

இரண்டு நாளாக எல்லாப் பதிவுகளையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மொரெலின் 1920ஆம் ஆண்டு எழுத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நிதானம் அவர்கள் சொன்ன பிறகு தேடிப் படித்தேன்; படித்து முடிக்க இயலவில்லை. ‘கண்டுபிடித்தார்’ என்று முதல் பதிவில் எழுதியதும் தவறு. காங்கோ மக்கள் அறிந்து, அனுபவித்து, சொல்லிக்கொண்டும் இருந்த ஒன்றை, கணக்கைக் காட்டினால் மட்டுமே நம்பும் ஊரில் அவர் மெய்ப்பித்தார். அந்த அளவுக்கு அவர்மீது உள்ள மதிப்பை நான் குறைத்துக்கொள்ளவில்லை.

செல்வம் தம்பிக்கு ஒரு கேள்வி. தோட்டத்தில் உங்கள் பாட்டியின் பெயர் எழுதப்பட்ட பதிவேடு ஏதேனும் இருந்ததா?

ஈப்போ செல்வம் (மலேசியா)

இருந்தது ஐயா. ‘செக்ரோல்’ என்பார்கள். காலையில் பெயர் கூப்பிட்டு அதில் குறிப்பார்கள். மாதக் கடைசியில் அதைப் பார்த்துத்தான் சம்பளம். பாட்டியின் பெயரைக் கிராணி (தோட்ட எழுத்தர்) தவறாக எழுதிவைத்திருந்தார், கடைசி வரை அந்தத் தவறான பெயரிலேயே கூலி வாங்கினார். ஏன் கேட்கிறீர்கள்?

சரக்குக் கணக்கர் (தூத்துக்குடி)

காங்கோவிலும் பெயர்ப் பதிவேடு இருந்தது என்று படித்தேன். அபிர் என்ற ரப்பர் நிறுவனத்தின் நிலையங்களில், சுற்றியுள்ள ஊர்களின் ஆண்கள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இத்தனை கிலோ என்று எதிரே குறித்திருந்தார்கள். வரிசையாக நின்று கூடையை எடைபோட வேண்டும். குறைந்தால் அங்கேயே சாட்டை. கூலி எழுதுவதற்கென்று அந்தப் பேரேட்டில் பத்தி இருந்ததா என்று தேடினேன். கைப்பிடி உப்பு, ஒரு கத்தி, சில முழத் துணி என்று எப்போதாவது கொடுத்ததைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்த உப்பும் துணியும்தான் ஆண்ட்வெர்ப்பின் சரக்குப் பட்டியலில் அவ்வளவு சொற்பமாக இருந்தவை.

லொன்டுலு ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, குழுவின் எழுத்தர் அதை எழுதிக்கொண்டிருந்திருப்பார். பிறகு அந்தத் தாள்களைக் கட்டி, பிரசெல்சுக்குக் கொண்டுபோய், முக்கால் நூற்றாண்டுக்கு மேல் பூட்டிவைத்தார்கள். அந்த வாக்குமூலங்கள் இப்போது ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன என்று அகிலன் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு அறிந்தவர் யாரேனும் இந்த மன்றத்தில் இருந்தால், அச்சில் வந்துள்ள பகுதிகளிலிருந்து தமிழில் பெயர்த்துத் தர வேண்டுகிறேன். தட்டச்சு செய்வதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் பொறுப்பு.